கொட்டாப்புளி: ஆணியும் பசையும் வேண்டாத பிடிப்பு

சென்னையின் மேற்குப் புறநகர் இரும்புக்குப் பெயர்பெற்றது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்தபின், லேத்துப் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் இங்குத் தெருவுக்குத் தெரு பெருகின. ஆயினும், உலோகத் தகட்டை வடுப்படாமல் தட்டி வளைக்க வேண்டுமெனில், இரும்பே தொழிலான பட்டறையிலும் மரச்சுத்தியல்தான் கைக்கு வருகிறது. உளியின் தலையில் அடிக்கத் தச்சர்கள் பயன்படுத்தும் கொட்டாப்புளியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

இரும்புச் சுத்தியலின் முகம் சிறியது. அதன் முழு விசையும் ஒரே புள்ளியில் இறங்குவதால் உளியின் மரப்பிடி நார் நாராகப் பிளந்துவிடும். கொட்டாப்புளியின் முகம் அகன்றது; மரம் சற்றே அமுங்கி விசையைப் பரப்பித் தருவதால் பிடியும் பிழைக்கிறது, கண் உளியின் முனையிலேயே பதிந்திருக்கும்போது அடியும் தவறுவதில்லை.

வீட்டு மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சிறு பட்டறை வைத்திருப்பவர் கொட்டாப்புளி செய்வதற்காக மரவாடிக்குச் சென்று தேக்கு வாங்க வேண்டியதில்லை. தேக்கு கனமீட்டருக்குச் சுமார் 650 கிலோ எடையுள்ளது. கொட்டாப்புளிக்கு அது இலேசு. வைரம் பாய்ந்த புளியங்கட்டையும், ஒருகாலத்தில் வண்டிச் சக்கரங்களுக்கு உதவிய கருவேலங்கட்டையும் அதைவிடக் கனத்தவை, எளிதில் பிளவாதவை. விறகுத் தொட்டியில் எரிப்பதற்கென்று அடுக்கப்படும் இக்கட்டைகளே இவ்வேலைக்கு மிகச் சிறந்தவை என்பதைப் புதிதாகத் தச்சு பழகுவோர் அறிந்திருக்க வேண்டும். பச்சைக்கட்டையாயின், வெட்டுமுகங்களில் மெழுகோ பெயிண்டோ பூசி, நிழலில் காற்றோட்டமாக உலரவிட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. ஆதலால், முன்பே உலர்ந்து கிடக்கும் பழங்கட்டையைத் தேடுவதே நல்லது.

தலைக்கட்டை 15 சென்டிமீட்டர் நீளம், 10 உயரம், 7 கனம் என்ற அளவில் அமைந்தால், எடை ஏறக்குறைய 900 கிராம் வரும். முகங்கள் இரண்டும் செங்குத்தாக இருக்கலாகாது. வீசும் கை முழங்கையை மையமாகக் கொண்டு சுழல்வதால், முகத்தின் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் அது முழங்கையில் சென்று முடியவேண்டும். இதற்கு இருபுறமும் சுமார் 7 பாகை சாய்வு தந்து, தலையின் மேல்விளிம்பை நீளமாகவும் கீழ்விளிம்பைக் குறுகலாகவும் அறுக்க வேண்டும்.

வேலையின் உயிர் கைப்பிடி நுழையும் துளையில் இருக்கிறது. துளையின் மேல்வாய் கீழ்வாயைவிட 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். கைப்பிடியின் மேற்பகுதியும் அதே சரிவில் இழைக்கப்பட்டு, மேலிருந்து கீழாகச் செருகப்பட வேண்டும். அடிக்க வீசும்போதெல்லாம் தலை வெளிநோக்கிப் பறக்க முயல்கிறது. மேலே அகன்ற கைப்பிடி அதை மறிப்பதால், ஒவ்வொரு வீச்சும் பிடிப்பை இறுக்குகிறது. எனவே ஆப்போ ஆணியோ பசையோ தேவைப்படுவதில்லை. இத்துளையை ஒரே பக்கமிருந்து வெட்டினால் மறுபக்கத்து விளிம்பு பெயர்ந்துவிடும். இருபுறமும் கோடிட்டு, துளைக்கருவியால் நடுப்பகுதியைக் குடைந்து நீக்கி, இரு வாய்களிலிருந்தும் உளியால் செதுக்கி நடுவில் சந்திக்கச் செய்வதே முறை. உட்சுவர் நடுவில் புடைத்திருந்தால் கைப்பிடி அந்த இடத்தில் மட்டும் தொட்டு ஆடும். கைப்பிடியில் பென்சில் கரி தடவிச் செருகி எடுத்தால், உரசுமிடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும், அதை மட்டும் சீவினால் போதும். அவசரப்படாமல் செய்யவேண்டிய கட்டம் இதுவே.

கைப்பிடிக்கு நேர்ரேகை ஓடும் கட்டையே வேண்டும். ரேகை சாய்ந்து ஓடினால் என்றேனும் ஒருநாள் அங்கே முறியும். தலையின் விளிம்புகளை மழுக்கி ஆளிவிதை எண்ணெய் தடவலாம். வார்னிஷ் பூசினால் கை வழுக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் ஈரத்தை உறிஞ்சி ஊதிய மரம் சித்திரை வெயிலில் சுருங்கும்போது, தலை சற்று ஆடக்கூடும். கொட்டாப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, துளைக்கு மேலே நீட்டியிருக்கும் கைப்பிடி நுனியைக் கல்தரையில் இரண்டு தட்டுத் தட்டினால், அது மீண்டும் இறுகிவிடும்.