ஏரிக்கரைகளைத் துளைக்கும் அமேசான் மீன்

கண்ணாடித் தொட்டிகளில் பாசியைச் சுரண்டித் தின்பதற்காகச் சிலர் வளர்க்கும் கரிய மீனைப் பலர் கண்டிருக்கலாம். கடைகளில் ‘சக்கர்’ என்றும் ‘டேங்க் கிளீனர்’ என்றும் வழங்கும் அம்மீன், சென்னையைச் சூழ்ந்த ஏரிகளிலும் வேறு பல நீர்நிலைகளிலும் இப்பொழுது வலையில் அகப்பட்டு வருகின்றது. விரல் நீளத்தில் வாங்கப்படும் இது ஒன்றரை அடி வரை வளர்வதுண்டு. தொட்டி கொள்ளாமற் போகவே, கொல்ல மனமில்லாதவர் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகின்றனர். இந்த ஜீவகாருண்யமே தீங்குக்கு மூலமாயிற்று.

இதன் ஜன்மஸ்தலம் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோக்கோ முதலிய பெருநதிகளில் வாழும் டெரிகோபிளிக்திஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. நம் கெளுத்திக்குத் தூரத்து உறவெனினும், வழவழப்பான தோலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்தாற்போல் உடலை மூடியிருக்கும். வாய் தலையின் அடிப்புறத்தில் உறிஞ்சுகிண்ணம் போலிருக்கும். முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் உயர்ந்தது. பக்கத் துடுப்பின் முட்கள் வலையைக் கிழிக்கும். அந்நாடுகளில் முதலை இனங்களும் நீர்நாய்களும் இதனை இரையாகக் கொள்கின்றன. பிரேசில் மக்களோ ‘போடோ’, ‘அகாரி’ என்று பெயரிட்டு, ஓட்டுடன் சுட்டுத் தின்கின்றனர். உலர்த்தி மாவாக்கியும் வைத்துக்கொள்கின்றனர். அங்கே உபத்திரவமென்று ஒருவரும் கூறார்.

நீரில் பிராணவாயு குறைந்தால் இம்மீன் மேலே வந்து காற்றை விழுங்கும். இரைப்பையின் மெல்லிய சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் அக்காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்துக்கொள்ளும். ஈரம் இருக்குமாயின் தண்ணீருக்கு வெளியே 20 மணி நேரத்துக்கு மேலும் உயிர் தரித்திருக்கும். கரையில் எறிந்துவிட்டு, செத்திருக்குமென்று எண்ணிப் போவதில் பயனில்லை.

குடியானவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதன் வளை. ஆண் மீன் கரையின் களிமண்ணில் ஏறக்குறைய 1 மீட்டரும், சிலவிடங்களில் அதற்கு மேலும் ஆழமாகத் தோண்டும். பெண் அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட, ஆண் காவல் இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிளாரிடாவில் இவ்வளைகளால் கால்வாய்க் கரைகளும் ஏரிக்கரைகளும் அரிப்புற்றுள்ளன. மண்ணாலான நம் கரைகளில் நண்டு வளையும் எலி வளையும் செய்யும் கேட்டை அறிந்தவர்க்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை.

மெக்ஸிகோ நாட்டில் பால்சாஸ் நதியின் வடிநிலத்தில் 1995-ஆம் ஆண்டில் இது முதன்முதல் காணப்பட்டது. அந்நதியிலுள்ள இன்பியர்னில்லோ நீர்த்தேக்கம் திலாப்பியா மீன்பிடிப்புக்குப் பேர்போனது. சில ஆண்டுகளுக்குள் அங்கே வலையில் ஏறியவற்றுள் பெரும்பகுதி விலைபோகாத இம்மீனாகவே இருந்தது. செம்படவர்களுக்கு வலை நஷ்டமும் சேர்ந்தது.

பாசியைத் தின்பதால் ஏரி சுத்தமாகும் என்று கூறுவாரும் உளர். இது அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குகிறது. பாசியை உண்ணும் மற்ற மீன்களின் உணவையும் அபகரிக்கிறது.

மீன்குஞ்சு விடுவதற்கு முன் குட்டையை வடித்தால் மட்டும் போதாது. ஈரமான வளைக்குள் மீன் பதுங்கியிருக்கும். வளைகளைத் தோண்டிப் பார்த்து, களிமண் இட்டுக் கெட்டித்தல் வேண்டும். நீர் வரும் மடையில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டுக. வாங்கும் குஞ்சுகளில் தகடு போர்த்தது ஒன்றேனும் கலந்துள்ளதா என்று தட்டில் ஊற்றிப் பார்க்கவும். அகப்பட்ட மீனைத் திரும்ப நீரில் விடாமல், கரைக்கு அப்பால் குழியிற் புதைக்கவும். பொது ஏரியில் கண்டால் கிராம அதிகாரிகள் மீன்வளத் துறையினருக்கு அறிவிப்பதோடு, கோடையில் நீர்மட்டம் தாழும்போது கரையின் உட்சரிவை நடந்து பார்த்து வளைகளைக் குறித்துக்கொள்வது நலம்.