8 எக்ஸ் போதும் பாஸ்! பட்ஜெட்டில் பைனாகுலர் வாங்கும் முன் இதைப் படிங்க

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாறுக்குப் போகும் வழியில், திரு.வி.க. பாலத்தின் நடைபாதையில் காலை நேரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். ஆற்றோரச் சேற்றில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். ‘ஏதோ கொக்கு’ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். ஆனா, அந்த ‘ஏதோ கொக்கு’லயே பல வகை இருக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனா பாதம் மட்டும் மஞ்சளா இருந்தா அது சின்னக் கொக்கு. அலகு மஞ்சளா, உருவம் குட்டையா இருந்தா உண்ணிக்கொக்கா இருக்கலாம். அந்த மஞ்சள் பாதத்தைப் பறவையை விரட்டாமல் தூரத்திலிருந்தே பார்க்கணும்னா, ஒரு பைனாகுலர் வேணும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். நானும் சறுக்கினேன். ‘30×60’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு குட்டி பைனாகுலரை ஆன்லைனில் மலிவாக வாங்கினேன். கண்ணில் வைத்தால் படம் மங்கல், பத்தே நிமிஷத்தில் தலைவலி. ‘பறவை பார்க்கறதெல்லாம் நமக்கு செட் ஆகாது’ன்னு ஆறு மாசம் அந்தப் பக்கமே போகலை. தப்பு என் கண்ணில் இல்லை, அந்த நம்பரில் இருந்தது.

அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

பிஜிஎம்ஐ ஆடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 8 எக்ஸ் ஸ்கோப் மாட்டினா எதிரி பெரிசா தெரிவான், ஆனா குறி ஆடிக்கிட்டே இருக்கும். நிஜத்திலும் அதே கதைதான். வேட்டைத் துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப்பிலும் ‘3-9×40’ போன்ற எண்கள்தான் இருக்கும். காட்டு உயிர்களை வேட்டையாடுவதை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டதால், நமக்கு அந்த ஸ்கோப்புக்கு வேலை இல்லை. ஆனால் கணக்கு ஒன்றேதான்.

பைனாகுலரில் 8×42 என்றால், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும், எடையும் கூடும்.

இரண்டாவதை முதல் எண்ணால் வகுங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் சுமார் 5.2 மி.மீ. உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு இது. நம் கண்மணி நல்ல வெயிலில் 2, 3 மி.மீ-க்குச் சுருங்கும். விடியலிலும் அந்தியிலும் விரியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த நேரங்களில்தான். ‘30×60’ என்பது உண்மையாகவே இருந்தாலும் கிடைப்பது 2 மி.மீ. வட்டம்தான். காலை ஆறரை மணிக்கு அதில் எல்லாமே இருட்டாகத் தெரியும்.

அதோடு, பறவையை 30 மடங்கு பெரிதாக்கும்போது கை நடுக்கமும் 30 மடங்கு பெரிதாகும். ஸ்டாண்டு இல்லாமல் பிடிக்கவே முடியாது. பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்தே போயிருக்கும்.

அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு 8×40 அல்லது 8×42 சரியான தேர்வு. கை அதிகம் நடுங்காதவர்கள் 10×42 பார்க்கலாம். ‘10-30 ஜூம்’ மாதிரி மாறுகிற மாடல்கள் பக்கமே போகாதீங்க. அந்த விலையில் ஜூம் சேர்க்க, படத்தின் தரத்தில்தான் கை வைப்பார்கள்.

கடையில் செய்ய வேண்டிய 5 சோதனைகள்

ஸ்கேல் சோதனை: முன் லென்ஸை அளந்து பாருங்கள். பெட்டியில் 60 என்று போட்டுவிட்டு லென்ஸ் 25 மி.மீ-தான் இருந்தால், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வட்டச் சோதனை: பைனாகுலரைக் கை நீட்டி வானத்தை நோக்கிப் பிடியுங்கள், சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம். கண் வைக்கும் பகுதியில் தெரியும் ஒளி முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டு சதுரம் போலத் தெரிந்தால், உள்ளே இருப்பது மலிவான ப்ரிஸமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பூச்சு: பூச்சே இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவிகித வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்று இருந்தால் சிறப்பு. பட்ஜெட்டில் ‘மல்டி கோட்டட்’டும் ஓகே. பளபளன்னு சிவப்பா மின்னுற லென்ஸைப் பார்த்து மயங்காதீங்க.

போர்டு சோதனை: தூரத்துக் கடையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, கண் இழுத்துப் பிடிப்பது போல இருந்தாலோ, இரண்டு குழாய்களும் நேராக இல்லை என்று அர்த்தம். என் தலைவலிக்குக் காரணம் இதுதான்.

கண்ணாடிச் சோதனை: நீங்க கண்ணாடி போடுறவரா? கண்ணாடியோடயே பாருங்க. விவரக் குறிப்பில் ‘ஐ ரிலீஃப்’ 15 மி.மீ-க்கு மேல் இருப்பது நல்லது.

எவ்வளவு செலவாகும்?

10,000 ரூபாய்க்குள் நல்ல பைனாகுலர் கிடைக்கும். இந்த விலையில், குழாய் வளைந்து நெளிந்து இருக்கும் பழைய ஸ்டைல் ‘போரோ’ வகைதான் லாபம். நேர்க்குழாய் ‘ரூஃப்’ வகை பார்க்க அழகு, பையிலும் அடங்கும். ஆனால் அதே தெளிவைக் கொடுக்க அதற்குத் தயாரிப்புச் செலவு அதிகம். நிக்கான் அக்குலான் 8×42, ஒலிம்பஸ் டிபிஎஸ் 8×40 எல்லாம் போரோ வகைக்கு உதாரணங்கள்.

ஒரு குறை, இவை வாட்டர்ப்ரூஃப் இல்லை. கடல் காற்றும் ஈரமும் கலந்த நம்ம சென்னையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்துவிடுங்கள். சட்டைத் துணியால் லென்ஸைத் துடைப்பதை இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கியாச்சு, அடுத்து?

முதலில் ஃபோகஸை உங்கள் கண்ணுக்கு செட் செய்யுங்கள். வலது பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, வலது கண் பகுதியில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமலே ‘படம் சரியில்லை’ன்னு சொல்றவங்க நிறைய பேர்.

இரண்டு விஷயம் கண்டிப்பா வேண்டாம். சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் பார்வையே போய்விடும். அடுத்தவர் வீட்டு ஜன்னல், பால்கனி பக்கமும் திருப்பக் கூடாது.

அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் சீசன். ஆர்.ஏ.புரத்திலேயே 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது, அனுமதி நாளும் நேரமும் விசாரித்துவிட்டுப் போங்கள். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற குழுக்களோடு ஒருமுறை வெளியே போனால், வாங்கும் முன்பே மற்றவர்களின் பைனாகுலரைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடலாம். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.

கடைசியா ஒரு டிப்ஸ். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதீங்க. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். கொக்கு நடுவட்டத்தில் வந்து நிற்கும். சேற்றிலிருந்து அது காலைத் தூக்கும்வரை பொறுமையா இருங்க, மஞ்சள் பாதம் தெரியும்.