நெற்பயிருக்கு மணற்சத்து: கடையில் வாங்குவதா, உமியில் பெறுவதா?

பூவிருந்தவல்லியை அடுத்த பாரிவாக்கம் முதலிய கிராமங்களில் நெற்பயிர் செய்வோர் தொகை முன்போல் இல்லை. நன்செய்கள் பல வீட்டு மனைகளாய் மாறிவிட்டன. எஞ்சிய நிலத்தில் சொர்ணவாரியோ சம்பாவோ நவரையோ பயிரிடும் குடியானவர், ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிட வேண்டியவராயிருக்கின்றனர். அத்தகையோரிடம் ‘சிலிக்கா’ என்று பெயரிட்ட புட்டிகளும் மூட்டைகளும் உரக்கடைகளின் வாயிலாக வந்து சேர்கின்றன. பயிர் சாயாது, பூச்சி அண்டாது, மகசூல் பெருகும் என்பன அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் சிறப்புகள். சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனை இதில் செலவிடுவது தகுமா என்பதை அங்கத்தினர்கள் தீர விசாரித்தறிதல் நலம்.

மணற்சத்து என்பது யாது?

சிலிக்கா என்பது மணலின் சாரமேயாகும். அதற்கு அடிப்படையான சிலிக்கன் என்னும் மூலப்பொருள், பூமியின் மேலோட்டில் பிராணவாயுவுக்கு அடுத்தபடி மிகுதியாயுள்ளது. எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு அதுவே. அப்படியாயின், மண்ணில் நிறைந்து கிடப்பதைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்னும் ஐயம் எழுவது இயல்பே.

மண்ணில் இருப்பது வேறு. பயிருக்குக் கிட்டுவது வேறு. ஏரி நிறைய நீர் இருந்தும் மதகு திறவாவிடில் வயலுக்குப் பயனில்லை. மணலிலுள்ள சிலிக்கா கல்லாய் இறுகிக் கிடப்பது. நீரில் எளிதிற் கரையாது. பயிரின் வேர், சிலிசிக் அமிலம் என்னும் கரைந்த வடிவிலேதான் அதை உறிஞ்ச இயலும். களிமண் சிறுகச் சிறுகச் சிதைவதாலும், பாசன நீராலும், மக்கிய வைக்கோலாலும் எருவாலும் இக்கரைந்த சத்து வயலுக்குக் கிடைக்கிறது. ஆகவே, வெறும் மணற்பாங்கான நிலமே மணற்சத்துக் குறைந்த நிலமாயிருப்பது வியப்பன்று.

நெல்லுக்கு இதனால் ஆவது என்ன?

ஒரு சத்து பயிருக்கு இன்றியமையாததா என்று தீர்மானிக்க ஆர்னன், ஸ்டௌட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1939-ஆம் ஆண்டில் சில விதிகளை வகுத்தனர். அவ்விதிகளின்படி, தழை, மணி, சாம்பல் சத்துக்களைப் போல் சிலிக்கா இன்றியமையாத சத்தாக எண்ணப்படுவதில்லை. நன்மை தரும் சத்து என்றே கொள்ளப்படுகிறது. அஃதின்றியும் பயிர் உயிர் வாழும். ஆயினும், நெல்லைப் பொறுத்தவரை அந்நன்மை சிறிதன்று.

நெல்லின் வேருக்கு இச்சத்தை உள்ளிழுக்கும் தனி வழியே உண்டு. அவ்வழியை அமைக்கும் மரபணுவை ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2006-இல் வெளியிட்டனர். இவ்விதம் உட்சென்ற சிலிக்கா இலையின் மேற்றோலுக்கு அடியில் படிந்து, கண்ணுக்குப் புலனாகாத கவசம்போல் இறுகுகிறது. இதனால் இலைகள் தொங்காமல் நிமிர்ந்து நின்று வெயிலை நன்கு ஏற்கின்றன. தண்டு உறுதிப்படுவதால் பயிர் சாய்வது குறைகிறது. குலைநோய், செம்புள்ளி நோய் ஆகியவற்றின் பூசணம் இலையைத் துளைத்து நுழைவது கடினமாகிறது. குருத்துப் பூச்சியின் புழுவுக்கும் தண்டைக் கடித்து உட்புகுவது எளிதாயிராது.

இந்நன்மை எங்கும் ஒரே அளவில் காணப்படுவதன்று. யூரியாவை மிகுதியாய் இட்டுப் பயிர் கொழுத்து இலை சாய்ந்த வயலிலும், குலைநோய் அடிக்கடி தோன்றும் வயலிலும், ஆண்டுதோறும் வைக்கோல் முழுவதும் வெளியேறும் வயலிலும், மணற்பாங்கான நிலத்திலும் இது நன்கு புலப்படும். களிப்பும் எருவும் மிக்க நிலத்தில் அவ்வளவாகப் புலப்படாது. மேலும், பூச்சி நோய்களுக்கு இஃதொன்றே மருந்தென்று எண்ணலாகாது. குருத்துப் பூச்சியைத் தாங்குவதில் ரகத்திற்கும் பங்குண்டு. திருவள்ளூர் ஜில்லா திரூரிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 என்னும் ரகம் அவ்வகையிற் பெயர் பெற்றது. 1969-இல் வெளிவந்த ஐ.ஆர். 20 ரகத்திற்கு அது பெற்றோர்களுள் ஒன்று.

எல்லாச் செடிகளுக்கும் ஒக்குமா?

நெல், கரும்பு முதலிய புல்லினப் பயிர்கள் மணற்சத்தை ஏராளமாய்ச் சேர்ப்பவை. வெள்ளரி நடுத்தரமாய் ஏற்கும். தக்காளி மிகச் சொற்பமே ஏற்கும். நாருக்காகவும் மருந்துக்காகவும் கஞ்சாச் செடியைச் சட்டப்படி பயிரிடும் அந்நிய தேசங்களில், அச்செடிக்கும் சிலிக்காத் திரவம் விற்கப்படுகிறது. அது அகன்ற இலைச் செடி. நெல்லைப்போல் இச்சத்தைக் குவித்துக்கொள்வதன்று. ஆதலின், நெல்லிற் கண்ட பலனை அதற்கு அப்படியே எதிர்பார்த்தல் பொருந்தாது. நம் தேசத்தில் சர்க்காரின் அனுமதியின்றி அதைப் பயிரிடுவது 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி குற்றமாகும். ஈண்டு அதைக் குறிப்பிட்டதன் கருத்து ஒன்றே: ஒரு செடிக்குப் பலித்தது மறு செடிக்கும் பலிக்கும் என்று விளம்பரம் கூறினால், அதை நம்பிப் பணம் கொடுத்தல் ஆகாது.

வயலின் வரவு செலவு

இனி, சங்கத்துக் கணக்கைப் பார்ப்பதுபோல் வயலின் கணக்கையும் பார்ப்போம். 1,000 கிலோ நெல் விளையும்போது, அதனோடு ஏறத்தாழ அதே எடை வைக்கோலும் விளைகிறது. வைக்கோலில் பத்தில் ஒரு பங்கு சிலிக்கா என்று கொண்டால், அதில் 100 கிலோ. நெல்லைக் குத்தினால் உமி சுமார் 200 கிலோ. அதை எரித்தால் சாம்பல் சுமார் 40 கிலோ. அச்சாம்பலில் ஏறத்தாழ 35 கிலோ சிலிக்காவே. ஆக, 1,000 கிலோ நெல்லோடு வயலை விட்டுச் செல்லும் சிலிக்கா 135 கிலோ அளவாகிறது. அதே விளைச்சல் எடுக்கும் தழைச்சத்தோ 20 கிலோ அளவுதான்.

முற்காலத்தில் வைக்கோலை வீட்டு மாடு தின்றது. சாணமாக அச்சத்து வயலுக்கே திரும்பியது. இக்காலத்தில் அறுவடை யந்திரத்தின் பின்னாலேயே வைக்கோலைக் கட்டுகளாய்ச் சுருட்டி லாரியில் ஏற்றி வெளியூருக்கு விற்றுவிடுகின்றனர். நெல்லும் உமியோடு ஆலைக்குப் போய்விடுகிறது. செலவு உண்டு, வரவு இல்லை என்னும் கணக்கு எந்தச் சங்கத்தையும் நொடிக்கச் செய்யும். வயலும் அதற்கு விலக்கன்று.

புட்டியிலுள்ள திரவம் இந்நட்டத்தை ஈடு செய்யுமா? இலைமேல் தெளிப்பதற்கு விற்கப்படும் அளவு மிகச் சிறிது. அதனால் நிலத்தின் குறை நிரம்பாது. சில பரீக்ஷைகளில் தெளிப்பினால் நற்பலன் கிடைத்ததுண்டாதலின், அதை அடியோடு பயனற்றதென்று தள்ளுவதும் நியாயமன்று. ஆனால், 1955 முதல் இரும்பாலைக் கசடைச் சிலிக்கா உரமாக அங்கீகரித்த ஜப்பான் தேசத்தில், அதை நிலத்தில் டன் கணக்கில் இட்டு வந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

உமிச்சாம்பலை உபயோகிக்கும் முறை

மகாராஷ்டிரத்தில் என். கே. சாவந்த் என்னும் விஞ்ஞானி வகுத்த ‘சார்சூத்ரி’ என்னும் நான்கு அம்ச நெற்பயிர் முறையில், முதல் அம்சமே உமிச்சாம்பலும் வைக்கோலும் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்பது. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கருஞ்சாம்பலைக் கலக்கும்படி அம்முறை கூறுகிறது. அதாவது, ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு 20 முதல் 40 கிலோ.

வழக்கமான முறையில் ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டுமாதலால், சாம்பல் 160 கிலோவுக்குக் குறையாது. திருந்திய நெல் சாகுபடியில் ஒரு சென்ட் நாற்றங்காலே போதும். 20 முதல் 40 கிலோ சாம்பலோடு காரியம் முடியும். 1,000 கிலோ நெல்லின் உமியே அதற்குப் போதுமானது.

சாம்பலிலும் தரபேதம் உண்டு. மிதமான சூட்டில் கருகிய கருஞ்சாம்பலிலிருந்து சிலிக்கா எளிதிற் கரையும். 700, 800 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வெந்து வெளுத்த சாம்பலிலோ அது மீண்டும் கல்லைப்போல் இறுகிவிடுவதால் பயன் குறைவு. அதன் தூசு நுரையீரலுக்கும் தீங்கு செய்யும். ஆகவே, எந்தச் சாம்பலையும் நீர் தெளித்து நனைத்த பின்னரே கையாள வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். சாம்பலில் தழைச்சத்து இல்லையாதலால், மற்ற எருக்களை அதன் பொருட்டுக் குறைத்தலாகாது. வைக்கோலில் ஒரு பகுதியையேனும் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக மடக்கி உழுதல் நன்று.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டுவன

2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 குணங்கள் குறிக்கப்படுகின்றன. சிலிக்கன் அவற்றுள் ஒன்றன்று. எனவே, அட்டையைக் காட்டி “உங்கள் நிலத்தில் சிலிக்கா குறைவு” என்று ஒருவர் கூறினால், அது எந்தப் பரிசோதனையால் தெரிந்ததென்று கேட்க வேண்டும். பொட்டாசியம் சிலிகேட் திரவம் கடுங்காரமுள்ளது. பூச்சி மருந்துகளோடு கண்டபடி கலந்தால் திரிந்துபோகக் கூடும்.

அப்படியும் வாங்க விரும்பும் அங்கத்தினர், முதற் போகத்தில் நிலம் முழுவதற்கும் வாங்குதல் வேண்டா. ஒரே மண்ணும் ஒரே ரகமும் ஒரே நீர்ப்பாய்ச்சலுமுள்ள மூன்று சிறு பாத்திகளை ஒதுக்கிக்கொள்க. ஒன்றில் வழக்கப்படி விடுக; ஒன்றில் சாம்பல் இட்ட நாற்றங்காலின் நாற்றை நடுக; மற்றொன்றில் வாங்கிய சரக்கை உபயோகிக்க. பாத்திகளின் அளவு சமமாயிருக்கட்டும். காய்ந்த குருத்துக்களையும், நோய் கண்ட கதிர்களையும், சாய்ந்த பயிரையும் எண்ணிக் குறித்து வருக. அறுத்தபின் மூன்றையும் தனித்தனியே தூற்றி நிறுத்துப் பார்க்க. மிகுதியாய் வந்த நெல்லின் விலை, செலவிட்ட தொகைக்கு மேற்பட்டால் மறு போகத்தில் விரிவுபடுத்தலாம்; இல்லையேல் பணம் மிச்சம்.

சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் தனியே ஆலைக்குச் சென்று நாலு மூட்டைச் சாம்பல் கொண்டுவந்தால் வண்டிக் கூலியே மேலாகிவிடும். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் பல உள்ளன. அங்கத்தினர் பலருக்கு வேண்டிய அளவைச் சங்கம் முன்கூட்டியே கணக்கிட்டு, நிறம் பார்த்துக் கருஞ்சாம்பலையே தேர்ந்து, ஒரே பாரமாய்க் கொண்டுவந்து பகிர்ந்தளித்தால் செலவு பங்காகும். திரூர் ஆராய்ச்சி நிலையத்தாரையும் விவசாய இலாகா அதிகாரிகளையும் அழைத்து, மேற்சொன்ன பாத்திகளைப் பார்வையிடச் செய்யலாம்.

அதே திரூரில்தான் 1904-ஆம் ஆண்டிலேயே கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவாயிற்று. கடன் கொடுப்பதோடு, அக்கடன் வீண் செலவாகாமற் காப்பதும் சங்கத்தின் கடமையே. ஒரு போகத்தின் மூன்று பாத்திக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டினால், எந்த விளம்பரமும் சொல்லாத உண்மை அங்கத்தினர் அனைவர்க்கும் ஒருங்கே விளங்கும். அதன் பின்னர் வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம்.