இல்லாத இசைக்குழுவுக்கு ஓர் இணையதளம்: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



"கடைக்கு ஓர் இணையதளம் போட வேண்டும் என்று பையன் நச்சரிக்கிறான். அதில் என்னதான் போடுவது?" சங்க அலுவலகத்துக்கு வரும் உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடையின் படம், முதலாளியின் படம், ஒரு தொலைபேசி எண். பலரும் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒருமுறை பார்த்தவர் அதை மறுமுறை திறப்பதில்லை.

நமக்குக் கடை இருக்கிறது, ஆள் இருக்கிறது, தெருவில் முகவரி இருக்கிறது. இவை எதுவுமே இல்லாத ஓர் இசைக்குழு, இணையதளத்தில் ஒரு வீட்டைக் கட்டி ஊர் உலகத்தையெல்லாம் உள்ளே வரவழைத்தது. நமக்கும் அதில் பாடம் உண்டு என்பதால் அந்தக் கதையை இங்கே விளக்குகிறோம்.

கற்பனைக் குழு புதிதல்ல

அமெரிக்காவில் ஆர்ச்சி என்ற சித்திரக் கதையிலிருந்து 1968-ல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் வரும் சித்திரப் பாத்திரங்கள் ஒரு பாட்டுக் குழு நடத்தின. அவர்களுக்காகத் திரைக்குப் பின்னால் ரான் டான்ட்டே என்ற பாடகர் பாடினார். 1969-ல் வந்த 'சுகர், சுகர்' என்ற பாட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மளிகைக்காரர்களான நாம் ரசிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. காலை உணவாகச் சாப்பிடும் தானியப் பொரி அட்டைப் பெட்டியின் மீதே அந்தப் பாட்டை இசைத்தட்டாக அச்சிட்டுக் கடைகளில் விற்றார்கள். குழந்தைகள் அட்டையை வெட்டி எடுத்து, தட்டுச் சுழலும் பெட்டியில் போட்டுக் கேட்டார்கள். பொரியும் விற்றது, பாட்டும் பரவியது.

நான்கு பேர், ஒரு வீடு

1998-ல் லண்டனில் ஒரே வீட்டில் குடியிருந்த இருவர், பாடகர் டேமன் ஆல்பர்னும் சித்திரக்காரர் ஜேமி ஹியூலெட்டும், இதே எண்ணத்தைப் புதிய காலத்துக்கு ஏற்ப எடுத்துக்கொண்டார்கள். குழுவின் பெயர் கொரில்லாஸ். ஆட்கள் நான்கு பேர், நால்வரும் சித்திரங்கள். நீல முடிப் பாடகன் 2-டி, முரட்டு குணம் கொண்ட மர்டாக், மேளம் அடிக்கும் ரஸ்ஸல், கிட்டார் வாசிக்கும் ஜப்பானியச் சிறுமி நூடுல். இந்தச் சிறுமி சரக்குப் பெட்டிக்குள் அடைத்துப் பார்சலாக வந்து சேர்ந்தாள் என்பது கதை. இவர்களின் முதல் முழு இசைத்தொகுப்பு 2001-ல் வெளிவந்தது.

பாட்டு கேட்கிறது, படம் தெரிகிறது. ஆனால் ரசிகர் சந்திக்க ஆள் இல்லையே? அதற்குத்தான் இணையதளம் பயன்பட்டது. சாதாரணமாக ஒரு குழுவின் தளத்தில் வரலாறு, படங்கள், நிகழ்ச்சித் தேதிகள் என்று பட்டியல் இருக்கும். இவர்கள் பட்டியல் போடவில்லை. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு குன்றின் மேல் இருப்பதாகச் சொல்லி, 'காங் ஸ்டூடியோஸ்' என்ற கட்டடத்தையே வரைந்து வைத்தார்கள். பார்க்க வருபவர் வாசலில் நுழையலாம், நடையில் நடக்கலாம், ஒவ்வொருவர் அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம், சாமான்களைத் தொட்டுப் பார்க்கலாம், விளையாட்டுகள் ஆடலாம். அறையில் கிடக்கும் பொருள்களைப் பார்த்தே அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

வடிவமைப்பில் இருந்த நுட்பம்

முதலாவது, வரைவதற்கு முன் ஆளைத் தீர்மானித்தார்கள். யார் எந்த ஊர், என்ன குணம், எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் முதலில் முடிவானது. அறையும் நிறமும் எழுத்தும் அதன்படி அமைந்தன. பத்திரிகைப் பேட்டியிலும் அந்தப் பாத்திரங்களே பேசின. 2001-ல் மேடை ஏறியபோது வாசித்தவர்கள் திரைக்குப் பின்னால் நின்றார்கள், திரையில் சித்திரங்கள் தெரிந்தன. எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு, ஒரே முகம். நம் பெயர்ப் பலகையில் ஓர் எழுத்து, பையில் வேறு எழுத்து, ரசீதில் மூன்றாவது எழுத்து என்று இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, வந்தவர் மறுபடி வரக் காரணம் வைத்தார்கள். ஒரே நாளில் எல்லா அறையையும் பார்த்து முடிக்க முடியாது. வாடிக்கையாளர் எண்ணெய்க்காகக் கடைசி வரிசை வரை நடந்து போகும்போது வழியில் நாலு பொருள் கண்ணில் படும்படி அடுக்குகிறோம் அல்லவா? அதே கணக்குத்தான்.

மூன்றாவது, எடை. அப்போது பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம் வந்தது. நொடிக்கு 56 கிலோபிட் என்பது அதன் உச்ச வேகம். அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் இறங்கவே ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். புகைப்படங்களை அடுக்கினால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். சித்திரமாக இருந்தது இங்கே கைகொடுத்தது. 'ஃப்ளாஷ்' என்ற மென்பொருள், ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே சேமிக்காமல், 'இங்கிருந்து அங்கு கோடு, உள்ளே நீலம்' என்று குறிப்பாகச் சேமிக்கும். அதனால் சித்திரம் அசையவும் செய்தது, சுமையும் குறைந்தது. இன்று வேகம் கூடிவிட்டது உண்மைதான். ஆனாலும் கைப்பேசியில் விலைப்பட்டியல் திறக்கக் காத்திருக்க வாடிக்கையாளருக்கு இன்றும் பொறுமை இல்லை.

நான்காவது, சரக்கு. சித்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாட்டு மட்டமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் வீடு காலியாகியிருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆட்கள் கற்பனை, இசை அசல்.

வீடு போன கதை

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். கொரில்லாஸ் குழு 2010-ல் 'பிளாஸ்டிக் பீச்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, தளத்தையும் குப்பையால் ஆன கற்பனைத் தீவாக மாற்றிக்கொண்டது. பழைய கட்டடம் நினைவாக நின்றது. பிறகு ஃப்ளாஷ் மென்பொருளை நடத்திய அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்காதபடி தடையும் வந்தது. அந்த மென்பொருளை நம்பிக் கட்டிய எத்தனையோ தளங்கள் சாதாரணக் கணினியில் திறக்காமல் போயின. பழைய கோப்புகளைத் தேடிச் சேர்த்து அந்த வீட்டை மீண்டும் எழுப்ப ரசிகர்கள் பாடுபட வேண்டியதாயிற்று. பிறர் மனையில் கட்டிய வீட்டின் கதி இதுதான்.

நமக்கும் இது நேர்ந்திருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் தளம் செய்துகொடுத்தவரிடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டார். தளத்தின் பெயரை அந்த இளைஞர் தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அவர் வேலை கிடைத்து வெளியூர் போனார், எண்ணை மாற்றினார், ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை. பெயர் கைமாறிப் போயிற்று. அந்த முகவரியை அச்சடித்த ஆயிரக்கணக்கான பைகள் கிடங்கில் கிடந்தன. அவற்றை மடித்துக் கட்டும்போது அந்தப் பெரியவர், "கடைச் சாவியை யாரிடமாவது கொடுப்பேனா? இதைக் கொடுத்துவிட்டேனே" என்றார்.

ஆகவே உறுப்பினர்கள் மூன்று செயல்களை உடனே செய்ய வேண்டுகிறோம். தளத்தின் பெயர் உங்கள் பெயரில் அல்லது நிறுவனத்தின் பெயரில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியை உரிமம் புதுப்பிக்கும் தேதியோடு சேர்த்து நாட்குறிப்பில் எழுதுங்கள். படங்கள், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றின் பிரதி ஒன்றைக் கடையிலேயே வைத்திருங்கள்.

கற்பனை எதுவரை?

கொரில்லாஸ் ஆட்கள் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். அது விளையாட்டு, யாரும் ஏமாறவில்லை. கடைக்காரர் விஷயம் வேறு. இல்லாத வாடிக்கையாளர் பெயரில் பாராட்டு எழுதுவதும், வேறு கடையின் சரக்குப் படத்தை நம் படமாகப் போடுவதும் ஏமாற்று. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், விற்பவர் தாமே நுகர்வோர் போல நடித்து மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். போன நம்பிக்கை திரும்பி வராது.

ஒரு மஞ்சள் பை பொம்மையோ, பேசும் தராசோ வரைந்து கடைக்கு அடையாளமாக வையுங்கள், குழந்தைகள் மகிழ்வார்கள். ஆனால் பொம்மை சொல்லும் விலையும் கல்லாவில் சொல்லும் விலையும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாத ஆட்களை வைத்தே ஒரு குழு இவ்வளவு பேரைச் சேர்த்ததென்றால், முகம் தெரிந்த வாடிக்கையாளரிடம் மூன்று தலைமுறையாக வணிகம் செய்யும் நம்மால் ஏன் முடியாது?