கிணற்று நீரும் குளோரினும்



2015ஆம் ஆண்டு டிசம்பர் மாத மழையைப் பீர்க்கன்கரணை மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்தபின், சேற்று நீரை இறைத்த எங்கள் வீட்டுக் கிணற்றைத் தூய்மை செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேதியியல் ஆசிரியன் ஒருவன் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? பரணில் கிடந்த பிளீச்சிங் பவுடரை எடுத்துக் கணக்கிட்டுக் கரைத்து ஊற்றினேன். அரைமணி கழித்து வந்த சுகாதாரப் பணியாளர், சிறு குழாயில் அந்நீரை எடுத்து ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சில சொட்டுகள் விட்டார். மஞ்சள் நிறம் எழவே இல்லை. “பவுடர் பழசு போலிருக்கிறது ஐயா, இதைக் குடிக்காதீர்கள்” என்றார். நான் வெட்கினேன். முப்பது ஆண்டுகளாக நான் கற்பித்த பாடம் அன்றோ அது!

அந்தப் பாடம் இதுதான். இரண்டு பொருள்கள் வினைபுரிய வேண்டுமாயின், அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். காலை எட்டு மணிக்குத் தாம்பரம் இரயில் நிலையத்தில் நடப்போர் எத்தனை முறை இடிபடுகிறார்கள். நண்பகலில் எத்தனை முறை? கூட்டம் மிகுந்தால் மோதலும் மிகும். கரைசலின் செறிவு என்பது மூலக்கூறுகளின் நெரிசலே. மோதல் ஒவ்வொன்றும் வினையாகிவிடாது. எனினும் மோதல்கள் பெருகினால் பயன் தரும் மோதல்களும் பெருகும்.

இதனைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். தாளில் ஒரு பெருக்கல் குறியிட்டு, அதன்மேல் ஹைப்போக் கரைசல் உள்ள குடுவையை வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேருங்கள். கந்தகம் பிரிந்து கரைசல் கலங்கும், குறி மறையும். அமிலத்தையும் மொத்தக் கன அளவையும் மாற்றாமல் ஹைப்போவின் செறிவை மட்டும் பாதியாக்கினால், குறி மறைய ஏறத்தாழ இருமடங்கு நேரமாகும். ஆனால் எல்லா வினைகளும் இவ்வாறே நடக்கும் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அமிலத்தின் முன்னிலையில் அசிட்டோனோடு அயோடின் வினைபுரியும்போது, அயோடினை இரட்டித்தாலும் வேகம் மாறுவதில்லை. சோதித்துத்தான் அறிய வேண்டும். சமன்பாட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது.

கிருமிகளைக் கொல்வதும் இக்கணக்கிற்கு உட்பட்டதே. 1908ஆம் ஆண்டில் ஹாரியட் சிக் என்ற பெண்மணியும், வாட்சன் என்பவரும் இதனை ஆராய்ந்து எழுதினர். வெப்பமும் நீரின் காரத்தன்மையும் மாறாதிருக்கையில், குளோரினின் செறிவு பாதியானால் அதே அளவு கிருமிகள் அழிய ஏறத்தாழ இருமடங்கு நேரம் வேண்டும். அரைமணி நேரத்திற்குப் பின்னரும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பயன்படு குளோரின் உண்டு. எனவே 1000 லிட்டர் நீருக்கு 3 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். தெளிந்த நீருக்கு இது போதும். வெள்ளம் புகுந்த நீரிலுள்ள அழுக்கே பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதற்கு இன்னும் கூடுதலாக இட வேண்டும். என் பவுடரோ பரணின் வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் கிடந்து தன் குளோரினை முன்னரே இழந்திருந்தது. எடை சரியாகத்தான் இருந்தது, செறிவுதான் இல்லை.

மறுநாள் காற்றுப் புகாத புதிய பொட்டலம் வாங்கி வந்து, கூடுதலாகவே கரைத்து ஊற்றினேன். அரைமணிக்குப் பின் குழாயில் மஞ்சள் நிறம் நன்கு தெரிந்தது. வீட்டார் மட்டும் என்னை நம்பவில்லை. மேலும் ஒரு வாரம் காய்ச்சிய நீரையே குடித்தார்கள்.