டேங்க் மூடிக்கும் டார்வினுக்கும் என்ன சம்பந்தம்? மும்பை மலேரியா சொல்லும் பாடம்

அணுசக்தி நகருக்கு ஒரு பக்கம் டிராம்பே மலை, சற்றுத் தள்ளி தானே கழிமுகத்தின் அலையாத்திக் காடு. மழைக்காலத்தில் இங்கே யாருக்காவது மலேரியா வந்தால், "அந்தச் சதுப்பிலிருந்துதான் கொசு வருது" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மும்பையில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு அனாபிலிஸ் ஸ்டீபன்சி. அதற்குப் பிடித்தது நல்ல தண்ணீர்: மூடாத மொட்டைமாடி டேங்க், கிணறு, கட்டுமான இடத்துத் தொட்டி. 1911-லேயே பம்பாய் மலேரியாவை ஆராய்ந்த சார்லஸ் பென்ட்லி கிணறுகளைத்தான் கைகாட்டினார்.

ஒரு உயிர் எங்கே, எதை நம்பி வாழுது? இதைக் கேட்பது சூழலியல்.

மருந்தடிச்சா போதாதா?

இங்கேதான் பரிணாமம் உள்ளே வருது. இந்தியாவில் 1947-ல் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. டிடிடி தெளித்த பிறகு, 1965-ல் அது சுமார் 1 லட்சமாகக் குறைந்தது. 1976-ல் மறுபடி 64 லட்சத்தைத் தாண்டியது. கண்காணிப்பு தளர்ந்தது ஒரு காரணம். மருந்துக்குச் சாகாத கொசுக்கள் பெருகியது இன்னொன்று. ஒவ்வொரு தெளிப்பிலும் தப்பித்த சில கொசுக்கள்தான் அடுத்த தலைமுறையைப் பெற்றன.

ஏன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும்?

சூழல் மாற்றம் சில ஆண்டுகளில் நடக்கும், பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்ற எண்ணத்தில் இரு துறைகளும் நெடுங்காலம் தனித்தனியாகவே ஓடின. கொசுவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முட்டை கொசுவாக இரண்டு வாரம் போதும். ஒரே வருஷத்தில் பல தலைமுறைகள் வந்துபோகும். நாம் சூழலை மாற்றும் வேகத்திலேயே அதுவும் மாறுது.

இதே ஸ்டீபன்சி 2012-ல் ஜிபூட்டியிலும், 2016-ல் எத்தியோப்பியாவிலும் கண்டறியப்பட்டது. நகரத்து டேங்கில் வளர்வதால் அதற்கு மழை தேவையில்லை. பல பூச்சிக்கொல்லிகளுக்கும் அது சாவதில்லை. முதலாவது சூழலியல், இரண்டாவது பரிணாமம். இரண்டும் சேர்ந்த விளைவு, 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் வறண்ட காலத்திலேயே மலேரியா பரவியது.

நம்ம பில்டிங்கில் என்ன செய்யலாம்?

மருந்து தேவைதான். ஆனால் அதை மட்டும் நம்பினால், சாகாத கொசுவை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். டேங்கை இறுக்கமாக மூடினால் கதை வேறு. மருந்துக்குச் சாகும் கொசு, சாகாத கொசு இரண்டுக்குமே முட்டையிட இடம் கிடைக்காது. அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் 'புகை அடிக்க எப்ப வருவாங்க?' என்று கேட்பதற்கு முன், மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.