வானத்திலும் வேலி உண்டு

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவன், நெய்வேலி)

'வானத்திற்கு ஏது வேலி?' என்று பேச்சு வழக்கில் சொல்வதுண்டு. பறவைக்கு அது பொருந்தும். விமானத்திற்குப் பொருந்தாது. தரையில் நாட்டுக்கு நாடு எல்லை இருப்பது போலவே வானிலும் எல்லை உண்டு. கடலுக்கு மேலேயும் உண்டு.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல். விமானப் படியேறியவர் இதுவரை எவருமில்லை. ஆயினும் நம் நாட்டில் சொந்தத் தேவைக்காக விமானம் ஓட்டும் உரிமம் பெற 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தேர்வும் எழுத வேண்டும் என்று படித்தபோது ஆவல் பிறந்தது. அத்தேர்வில் வான் விதிகளும் ஒரு பாடம். அதிலிருந்து சில செய்திகளை இங்கே தருகிறேன்.

வானம் யாருக்குச் சொந்தம்?

1944 டிசம்பர் 7-ஆம் நாள் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதியே இதற்கு விடை கூறுகிறது. ஒரு நாட்டின் நிலத்திற்கும், அதை ஒட்டிய ஆட்சிக் கடலுக்கும் மேலுள்ள வான்வெளி முழுவதும் அந்நாட்டிற்கே உரியது. ஆட்சிக் கடல் என்பது கரையிலிருந்து 12 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆகவே 12 கடல் மைல் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். இந்தியா இதனை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்துள்ளது.

மணிக்கு 120 கடல் மைல் வேகத்தில் செல்லும் சிறு விமானம் ஒன்று கடலூர்க் கரையிலிருந்து நேர் கிழக்கே பறந்தால், ஆறே நிமிடத்தில் இவ்வெல்லையைத் தாண்டிவிடும். அதற்கப்பால் 200 கடல் மைல் வரை மீன்வளமும் எண்ணெய் வளமும் நம்முடையவை, வானம் நம்முடையதன்று. எனினும் வங்கக் கடலின் பெரும்பகுதிக்கு மேலே செல்லும் விமானங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு சென்னை, கொல்கத்தா மையங்களைச் சார்ந்தது. உடைமை முடிந்த இடத்தில் கடமை முடிவதில்லை!

இன்னொரு வேறுபாடும் உண்டு. அயல்நாட்டுக் கப்பல் தீங்கு செய்யாமல் நம் ஆட்சிக் கடலைக் கடந்து போகலாம். விமானத்திற்கு அந்த உரிமை கிடையாது.

மூவகை வேலிகள்

நாட்டிற்குள்ளும் எங்கும் பறந்துவிட முடியாது. முதல் வகை, தடை செய்யப்பட்ட பகுதி. டெல்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையும், மும்பையில் பார்சி மக்கள் இறந்தோரை வைக்கும் மௌன கோபுரங்களும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் தடைப் பட்டியலில் இடம் பெற்றவை. இரண்டாவது, கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. குறித்த நேரத்தில், குறித்த உயரத்தில், நிபந்தனைக்கு உட்பட்டுப் பறக்கலாம். மூன்றாவது, அபாயப் பகுதி. துப்பாக்கிப் பயிற்சியோ ராக்கெட் ஏவுதலோ நடக்கும் இடம் அது.

என் தந்தையார் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நிலக்கரிக்கு மேலுள்ள கடினமான பாறையைத் தகர்க்க வெடி வைக்குமுன் சங்கு ஊதி, சிவப்புக் கொடி காட்டி ஆட்களை அப்புறப்படுத்துவார்கள் என்பார். அபாயப் பகுதியும் அப்படித்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுமுன் 'நோட்டாம்' என்னும் அறிவிப்பு விமானிகளுக்கு அனுப்பப்படுகிறது. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளம் இயங்கும்போதும் அவ்வாறே அனுப்ப வேண்டியிருக்கும். ஆட்சிக் கடலுக்கு அப்பால் எந்த நாடும் 'வராதே' என்று தடுக்க இயலாது. 'அபாயம்' என்று எச்சரிக்கவே இயலும்.

எல்லை தாண்டினால்?

1983 செப்டம்பர் 1-ஆம் நாள் வழி தவறி சோவியத் வான்வெளியில் நுழைந்த கொரியப் பயணி விமானத்தைப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டனர். உலகம் அதிர்ந்தது. 1984 மே மாதத்தில், பறக்கும் பயணி விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தலாகாது என்ற புதிய விதி சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்க ஏற்கப்பட்டது.

நமக்கு அருகிலேயே ஒரு நிகழ்ச்சி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரு நாடுகளின் 12 கடல் மைல்களும் அங்கே இடங்கொள்ளா. ஆகவே 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்து கடலில் கோடு வரைந்தன. அந்தக் கோடே அங்கு வானத்திற்கும் கோடு. 1987 ஜூன் 3-இல் யாழ்ப்பாண மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டு சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப் படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு சென்று பொருள்களை வானிலிருந்து இறக்கின. தன் வான்வெளி மீறப்பட்டதாக இலங்கை கண்டித்தது. பசித்தவர்க்கு உணவு என்பது ஒரு நியாயம். எல்லை என்பது இன்னொரு நியாயம். இரண்டும் மோதியதை அன்று உலகம் கண்டது.

நாம் கற்க வேண்டியது

இவ்விதிகளில் என்னைக் கவர்ந்தது அவற்றின் கடுமையன்று. அவை முன்கூட்டியே சொல்லப்படுவதுதான். ஒவ்வொரு பகுதிக்கும் எண், அளவு, உயரம், நேரம் என எல்லாம் அச்சாகின்றன. தென்னகப் பகுதிகளின் எண்கள் 'வி.ஓ.' என்று தொடங்கும். விமானிக்கு வரைபடம் உண்டு, வானொலி உண்டு. அதே கோட்டின் அருகே இரவில் வலை விரிக்கும் இராமேசுவரம் மீனவருக்கு? இன்று பல படகுகளில் ஜி.பி.எஸ். கருவி உண்டு, ஆயினும் நீரோட்டம் வலையை இழுக்கும்போது கோட்டைச் சொல்லி எச்சரிக்கும் குரல் ஒவ்வொரு படகிலும் ஒலிக்க வேண்டும். எல்லை வரைவது எளிது. அதைக் கடப்பவனுக்குக் காலத்தில் உணர்த்துவதே அரிது. அதுவே நீதி.

விமானம் நமக்கு எட்டாக்கனி என்று எண்ணும் நண்பர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். திருமண வீட்டில் படமெடுக்கும் டிரோனுக்கும் வான் விதி உண்டு. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனல்மின் நிலையங்களும் சுரங்கங்களும் சூழ்ந்த நம் ஊரில், பொத்தானை அழுத்துமுன் வரைபடத்தைப் பார்ப்பது நம் கடமை.

கண்ணுக்குத் தெரியாத வேலியை அறிவால்தான் காண முடியும். அந்த அறிவு விமானிக்கு மட்டுமன்றி, மீனவருக்கும் நமக்கும் கிடைக்கட்டும்!